மதுரைத் தாத்தாவின் டிரம்ப்

நியூஜெர்சியில் பிறந்து வளர்ந்த ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். கோடை விடுமுறைக்கு மதுரைக்கு வந்தால் தாத்தா, பக்கத்து வீட்டு மாமா, ஆட்டோ ஓட்டுபவர் என எல்லோரும் அவரிடம் டிரம்பைப் பற்றிப் பேசுகிறார்களாம். சொல்வதில் பாதி சரி, பாதி தப்பு. வெளிநாட்டில் இருக்கும் சாதாரண மக்களுக்கு அமெரிக்க அரசியல் உண்மையில் எவ்வளவு புரிகிறது, இவர்களுக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்கிறார். எனக்கு இதற்குள் இன்னொரு கேள்வியும் கேட்கிறது. 'நான் ஓட்டுப் போடும் நாட்டைப் பற்றித் தாத்தா பேசும்போது திருத்தவா, கேட்டுக்கொள்ளவா?' என்பது அது. அதற்கும் சேர்த்தே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

ஒரு தமிழ் நாளிதழின் வெளிநாட்டுச் செய்தி டெஸ்க்கில் 22 ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். 2000 முதல் 2020 வரை ஆறு அமெரிக்க அதிபர் தேர்தல்களை, ஏஜென்சியிலிருந்து வரும் ஆங்கிலக் காப்பியைத் தமிழாக்கிப் பக்கத்தில் ஏற்றியிருக்கிறேன். மறுநாள் காலை வாசகர்களின் தொலைபேசி வரும், வாரக் கடைசியில் கடிதங்கள் வரும். அவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று தெரிந்துகொண்டது அந்தக் கேள்விகளிலிருந்துதான். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பத்திரிகைக்குப் போன் செய்பவர் சராசரி ஆள் அல்ல, செய்தியில் ஆர்வம் உள்ளவர். மற்ற நாடுகளைப் பற்றிச் சொல்லும்போது நான் படித்ததையும் செய்தியாகக் கையாண்டதையும் வைத்துத்தான் பேசுகிறேன். தமிழ் வாசகரைப் பற்றிச் சொல்லும்போது கொஞ்சம் உறுதியாகவே பேசுவேன்.

சுருக்கமாகச் சொன்னால், அமெரிக்க ஆட்சி எப்படி இயங்குகிறது என்பது வெளியே பெரும்பாலானோருக்குத் தெரியாது. ஆனால் அந்த ஆட்சி தங்கள் வீட்டு வாசலுக்கு வந்து தொடும் இடம் எது என்பது மிக நன்றாகத் தெரியும். சில சமயம் அமெரிக்கர்களைவிட நன்றாகத் தெரியும். நடுவில் இருக்கும் இடைவெளியை அவரவர் சொந்த ஊர் அரசியலைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறார்கள். ஜெர்மானியர் ஜெர்மன் அரசியலைக் கொண்டு நிரப்புவார், நாம் நம்முடையதைக் கொண்டு நிரப்புகிறோம்.

இந்த நிரப்பல் சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. இந்தியாவின் ஜனாதிபதியைக் 'குடியரசுத் தலைவர்' என்றும் அமெரிக்காவின் தலைவரை 'அதிபர்' என்றும் தமிழகப் பத்திரிகைகள் எழுதுகின்றன. ஒரு வகையில் இது நல்ல ஏற்பாடு. நம் குடியரசுத் தலைவரைப் போல அவரும் அமைச்சரவை சொன்னபடி கையெழுத்துப் போடுபவர் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். ஆனால் தொழிலதிபர், ஆலை அதிபர் என்றெல்லாம் சொல்லிப் பழகிய காதுக்கு 'அதிபர்' என்றால் உரிமையாளர். நாடே அவருடையது, நினைத்ததைச் செய்வார் என்ற தொனி அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. இலங்கைத் தமிழில் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர்தான் அதிபர். அதனால் அவர்கள் அமெரிக்கத் தலைவரையும் ஜனாதிபதி என்றே எழுதுகிறார்கள். அங்கே குழப்பம் வேறு மாதிரி. நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதியை 1978 முதல் நேரில் பார்த்து வருபவர்கள் என்பதால், அந்த அளவுக்கு இவரும் சர்வ வல்லமை கொண்டவர் என்று எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்தது காங்கிரஸ். அமெரிக்க நாடாளுமன்றத்தின் பெயர் அது. தலைப்பில் 'காங்கிரஸ் எதிர்ப்பு' என்று போட்டால் நம் வாசகர் கண்ணுக்கு ராகுல் காந்திதான் தெரிவார். அதனால் எங்கள் டெஸ்க்கில் அந்தச் சொல்லைத் தலைப்பில் வைப்பதே இல்லை. அப்புறம் 'சபாநாயகர்'. 2020 பிப்ரவரியில் டிரம்ப் ஆண்டு உரையை முடித்ததும், பின்னால் உட்கார்ந்திருந்த நான்சி பெலோசி அந்த உரையின் பிரதியைக் கிழித்தார். மறுநாள் வந்த போன்களில் பாதி, 'சபாநாயகர் நடுநிலையாக இருக்க வேண்டாமா?' என்ற வருத்தம்தான். அந்த வருத்தத்துக்குக் காரணம் எங்கள் மொழிபெயர்ப்பு. அங்கே சபாநாயகர் என்பவர் பிரதிநிதிகள் சபை என்ற கீழவையில் பெரும்பான்மைக் கட்சியின் தலைவர். கட்சிக்காரராக நடந்துகொள்வதுதான் அவர் வேலை. அதை அந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடக்க எங்களுக்கு வழியில்லை.

இதைவிடப் பெரிய சிக்கல், அங்கே 'செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்' என்ற ஒரே பதவிப் பெயர் இரண்டு வேறு வேலைகளுக்கு இருப்பது. வாஷிங்டனில் இருப்பவர் வெளியுறவு அமைச்சர். ஜார்ஜியா மாநிலத்தில் அதே பெயரில் இருப்பவர் தேர்தல் நடத்துபவர். 2021 ஜனவரி 2-ம் தேதி டிரம்ப் ஜார்ஜியாவின் பிராட் ராஃபென்ஸ்பெர்கரைத் தொலைபேசியில் அழைத்து, தனக்கு 11,780 வாக்குகள் வேண்டும் என்று கேட்டது ஒலிப்பதிவாக வெளிவந்தது. எங்கள் காப்பியில் யாரோ அவசரத்தில் 'வெளியுறவு அமைச்சர்' என்று எழுதிவிட்டார்கள். நல்லவேளையாகப் பக்கம் போவதற்குள் பார்த்துத் திருத்தினோம். டெஸ்க்கிலேயே இப்படி என்றால் வாசகரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

சொல்லைத் தாண்டினால் அச்சு. நாடாளுமன்ற முறையில் வளர்ந்த எந்த நாட்டவருக்கும் மனதில் ஓர் அச்சு இருக்கும். பெரும்பான்மை உள்ள கட்சி ஆள்கிறது, பெரும்பான்மை போனால் ஆட்சி போகிறது. 1999 ஏப்ரலில் அ.தி.மு.க. ஆதரவை விலக்கி, வாஜ்பாய் அரசு ஒரே ஒரு ஓட்டில் கவிழ்ந்ததைப் பார்த்தவர்கள் நாம். அந்த அச்சோடு அமெரிக்காவைப் பார்த்தால் எதுவுமே பொருந்தாது. 2017 ஜூலையில் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை நீக்கும் மசோதா மேலவையான செனட்டில் ஓட்டுக்கு வந்தது. டிரம்பின் சொந்தக் கட்சியைச் சேர்ந்த ஜான் மெக்கெய்ன் நள்ளிரவில் எழுந்து வந்து கட்டை விரலைக் கீழே காட்டினார். கூடவே இன்னும் இரண்டு குடியரசுக் கட்சி செனட்டர்கள் எதிர்த்ததால் மசோதா 49-க்கு 51 என்று தோற்றது. நம் வாசகர் கேட்ட முதல் கேள்வி, 'மெக்கெய்ன் பதவி போய்விடுமா?' கொறடா உத்தரவை மீறினால் பதவி போகும் என்று 1985 முதல் கட்சித் தாவல் தடைச் சட்டத்தோடு வாழ்பவருக்கு இது நியாயமான கேள்விதான். அங்கே அப்படி ஒரு சட்டம் இல்லை, மசோதா தோற்றாலும் அதிபருக்கு ஒன்றும் ஆகாது என்று சொன்னால், 'அப்ப ஆளுங்கட்சி என்று எதைச் சொல்வது?' என்பார். அது என்னை நிறுத்தி யோசிக்க வைத்த கேள்வி. ஒரு கட்சி வெள்ளை மாளிகையிலும் இன்னொரு கட்சி பிரதிநிதிகள் சபையிலும் இருக்கும் ஆண்டுகளில் அங்கே ஆளுங்கட்சி என்று ஒன்று கிடையாது. அதற்குப் பிறகு அந்தச் சொல்லை நான் அமெரிக்கச் செய்தியில் எழுதவில்லை.

தகுதி நீக்க விசாரணை விஷயத்தில் நாங்கள் தவறே செய்திருக்கிறோம். 2019 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை டிரம்ப் மீது குற்றம் சாட்டித் தீர்மானம் நிறைவேற்றியது. அது குற்றப்பத்திரிகை மாதிரி. விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது செனட், அதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். 2020 பிப்ரவரியில் செனட் அவரை விடுவித்தது. 2021-ல் இரண்டாவது முறையும் அதுவே நடந்தது. ஆனால் முதல் தடவை எங்கள் பக்கத்தில் 'பதவி நீக்கம்' என்ற சொல்லோடு தலைப்பு போனது. இரண்டு வாரம் கழித்து ஒரு பெரியவர், 'பதவி நீக்கம் செய்யப்பட்டவர் எப்படி இன்னும் வெள்ளை மாளிகையில் இருக்கிறார்?' என்று அஞ்சலட்டை எழுதியிருந்தார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. அந்த அட்டையை நான் ரொம்ப நாள் மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தேன்.

தேர்தலும் அப்படித்தான். நமக்கு ஒரு தேர்தல் ஆணையம், ஒரே விதிமுறை, ஒரே நாளில் எண்ணிக்கை, மாலைக்குள் முடிவு. அங்கே ஒவ்வொரு மாநிலமும் தன் விதிப்படி தேர்தல் நடத்துகிறது, வேலையைச் செய்வது பெரும்பாலும் கவுண்டி என்ற உள்ளூர் நிர்வாகம். 2020-ல் நவம்பர் 3 ஓட்டுப் பதிவு, பைடன் வென்றார் என்று நவம்பர் 7-ம் தேதி செய்தி நிறுவனங்கள் அறிவித்தன. 'ஆணையம் சொல்லாமல் டிவிக்காரன் எப்படி அறிவிக்கலாம்?' என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லி எங்களுக்குத் தொண்டை வற்றிப்போனது. 2016-ல் ஹிலாரி கிளிண்டன் டிரம்பைவிட 28 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு வாங்கித் தோற்றார். ஒரு மாநிலத்தில் முந்தியவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர்கள் மொத்தமும், தேர்வாளர் குழுவில் 538 பேர், 270 எடுத்தவர் அதிபர் என்று படம் போட்டு விளக்கினோம். ஆனாலும் இந்த விஷயத்தில் நம் மக்கள் நான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்கள். காரணம், ஓட்டு சதவீதம் ஒன்று சொல்லும், சீட்டு எண்ணிக்கை வேறொன்று சொல்லும் என்பது தமிழ்நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு வாசகர், 'அமெரிக்காவையே 51 தொகுதியாகப் பிரித்து, தொகுதிக்கு ஒரு கனம் வைத்தது போல, அவ்வளவுதானே?' என்றார். தேர்வாளர்களை மொத்தமாகக் கொடுக்காமல் பிரித்துக் கொடுக்கும் மெயின், நெப்ராஸ்கா என்ற இரண்டு மாநிலங்களை விட்டுவிட்டால் அதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் ஆங்கிலத்திலும் படித்ததில்லை.

வரைபடத்தின் நிறம் மட்டும் கடைசி வரை தகராறு. 2000 தேர்தலுக்குப் பிறகு குடியரசுக் கட்சிக்குச் சிவப்பு, ஜனநாயகக் கட்சிக்கு நீலம் என்று அங்கே நிலைத்துவிட்டது. சிவப்புக் கொடி என்றால் கம்யூனிஸ்ட் என்று பழகிய ஊரில் டெக்சாஸைச் சிவப்பாகக் காட்டினால் என்ன தோன்றும்? ஐரோப்பாவிலும் சிவப்பு இடதுசாரி நிறம்தான் என்பதால் இந்தத் தடுமாற்றம் நமக்கு மட்டும் உரியது அல்ல.

இதுவரை சொன்னது புரியாத பக்கம். புரிந்த பக்கம் எனக்கு இதைவிட முக்கியம். தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்தியவர் அதிபரானதை ஐரோப்பியப் பத்திரிகைகள் நம்ப முடியாமல் எழுதிக்கொண்டிருந்தபோது, நம் வாசகர்கள் ஆச்சரியமே படவில்லை. அண்ணா முதல் ஜெயலலிதா வரை திரையுலகத் தொடர்புள்ள ஐந்து முதல்வர்களைப் பார்த்த மாநிலம் இது. ரொனால்ட் ரீகன் 1981-ல் அதிபர் பதவி ஏற்றபோது எம்.ஜி.ஆர். முதன்முதலில் முதல்வராகி மூன்றரை ஆண்டு ஆகியிருந்தது. கூட்டத்தைக் கட்டிப்போடும் குரல், தன்னைத் தாக்குபவர்கள் தன் மக்களையே தாக்குகிறார்கள் என்று திருப்பும் பேச்சு, தலைவர் மீது வழக்கு வந்தால் தொண்டர் இன்னும் நெருங்கி வருவது, இதெல்லாம் நம் மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அங்கே இருக்கும் கருத்துக்கணிப்பாளர்கள் 2016-ல் தவறவிட்டதை எங்கள் அலுவலகத்துக்கு டீ கொண்டுவரும் அண்ணன், 'அவர்தான் ஜெயிப்பார், கூட்டம் பேசுது' என்று செப்டம்பரிலேயே சொன்னார். இதை வைத்து அவருக்கு அமெரிக்கா புரியும் என்று நான் சொல்லவில்லை. கூட்டம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும்.

தோல் நிறப் பாகுபாடு இன்னொன்று. 2020 மே 25-ம் தேதி மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ்காரரின் முழங்காலுக்குக் கீழே இறந்தார். அடுத்த மாதமே சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட தந்தையும் மகனும் இறந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாரும் வாசகர்களுக்குச் சொல்லித்தரவில்லை, அந்த வாரக் கடிதங்கள் அனைத்திலும் இரண்டு சம்பவங்களும் சேர்ந்தே இருந்தன. இது புதிதும் அல்ல. 1972-ல் மகாராஷ்டிரத்தில் தலித் சிறுத்தைகள் இயக்கம் தொடங்கியபோது அமெரிக்காவின் கருஞ்சிறுத்தைகளைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் பின்னால் மதுரைக்கும் வந்தது. 1959-ல் இந்தியா வந்த மார்ட்டின் லூதர் கிங்கைத் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளித் தலைமை ஆசிரியர், அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு தீண்டத்தகாதவர் என்று மாணவர்களுக்கு அறிமுகம் செய்தார். முதலில் திடுக்கிட்டாலும், ஆமாம், நானும் ஒருவன்தான் என்று பிறகு உணர்ந்ததாக கிங்கே சொல்லியிருக்கிறார். வேதனை புரிந்துவிடுகிறது. ஆட்சி இயங்கும் விதம்தான் புரியவில்லை. ஃபிளாய்ட் விஷயத்தில் எல்லோரும் கேட்டது, 'டிரம்ப் ஏன் அந்தப் போலீஸ்காரரை டிஸ்மிஸ் செய்யவில்லை?' மினியாபொலிஸ் போலீஸ் அந்த நகரத்துடையது, அதிபர் அவர்களுக்கு மேலதிகாரி அல்ல. அமெரிக்காவில் இப்படிச் சுமார் 18,000 தனித்தனிக் காவல் அமைப்புகள் இருக்கின்றன என்பதைச் சொன்னால் நம்பவே மாட்டார்கள்.

அதேபோல, தங்களுக்கு நேராக அடி விழும் இடத்தில் மக்கள் ஆச்சரியமான அளவுக்குக் கற்றுக்கொள்கிறார்கள். என் தங்கை கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார், அமெரிக்க ஆர்டர்தான் பெரிது. செனட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் இன்றும் அவருக்குச் சொல்லத் தெரியாது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் மீதான கூடுதல் வரி 50 சதவீதம் ஆனது. அதன் பிறகு, அந்த வரி நாடாளுமன்றத்தில் ஓட்டெடுத்துப் போட்டதல்ல, 1977-ம் ஆண்டின் நெருக்கடி காலப் பொருளாதாரச் சட்டத்தைக் காட்டி அதிபர் உத்தரவாகப் போட்டது என்பது அவருக்குத் தெரிந்தது. நியூயார்க்கில் சர்வதேச வர்த்தக நீதிமன்றம் என்று ஒன்று இருப்பதும், அது மே மாதமே அந்த அதிகாரம் செல்லாது என்று சொன்னதும் தெரிந்தது. நவம்பர் 5-ம் தேதி உச்ச நீதிமன்றத்தில் வாதம் நடந்த மறுநாள் காலையில் எனக்குப் போன் செய்து, 'மச்சான், டிரம்ப் போட்ட ஜட்ஜே டிரம்ப் வக்கீலைக் குடைஞ்சாராமே' என்றார். 22 வருஷம் பக்கம் பக்கமாக எழுதி நான் புரியவைக்க முயன்றதை ஒரு வரி மூன்று மாதத்தில் அவருக்குப் புரியவைத்துவிட்டது.

எச்-1பி என்ற வேலை விசாவிலும் இதே கதைதான். 2025 செப்டம்பர் 19-ம் தேதி, புதிய விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று டிரம்ப் கையெழுத்திட்ட இரவில், ஊருக்கு வந்திருந்த பிள்ளைகள் திரும்புவதற்கு டிக்கெட் தேடி அலைந்தார்கள். ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்குப் பொருந்தாது என்று மறுநாள்தான் விளக்கம் வந்தது. அந்த இரவில் ஆதம்பாக்கத்திலும் அம்மாபேட்டையிலும் இருந்த பெற்றோருக்கு வெள்ளை மாளிகையின் பிரகடனம் எந்த நிமிடத்தில் அமலுக்கு வருகிறது என்று தெரிந்திருந்தது. ஆப்பிரிக்க நாடுகளில் குடும்பநல மருத்துவமனை நடத்துபவர்களுக்கு இது நமக்கு முன்னாலேயே தெரியும். கருக்கலைப்பு செய்யும் அல்லது அதை ஊக்குவிக்கும் வெளிநாட்டு அமைப்புக்கு அமெரிக்காவின் குடும்பநல உதவி கிடையாது என்று 1984-ல் ரீகன் அரசு ஒரு விதி கொண்டுவந்தது. 1993-ல் கிளிண்டன் எடுத்தார், 2001-ல் புஷ் போட்டார், 2009-ல் ஒபாமா எடுத்தார், 2017-ல் டிரம்ப் போட்டார், 2021-ல் பைடன் எடுத்தார், 2025-ல் டிரம்ப் மறுபடி போட்டார். அங்கே ஒரு கிராமத்துச் செவிலியருக்கு அமெரிக்கத் தேர்தல் என்றால் அடுத்த ஆண்டு மருந்தும் சம்பளமும் வருமா என்பதுதான். அவரை, அமெரிக்க அரசியல் தெரியாதவர் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஈழத் தமிழர்களுக்கும் அந்த மாதிரி ஒரு தொடுபுள்ளி இருந்தது. 2012 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில் இலங்கை பற்றிய தீர்மானத்தை அமெரிக்கா கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு வந்த தீர்மானம் வலுவாக இல்லை என்று தமிழ்நாட்டில் கல்லூரி மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். தீர்மானத்தின் ஒவ்வொரு வரைவிலும் எந்தச் சொல் நீர்த்துப்போனது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2018 ஜூனில் டிரம்ப் அரசு அந்தக் கவுன்சிலை விட்டே வெளியேறியபோது, ஓஹையோவிலோ பென்சில்வேனியாவிலோ விழுந்த ஓட்டுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் என்ன தொடர்பு என்று அவர்களிடம் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

உறவு என்பது வேறு வாசல். திருவாரூர் மாவட்டம், மன்னார்குடிக்குப் பக்கத்தில் துளசேந்திரபுரம். கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தா பி.வி. கோபாலனின் ஊர். அங்கே தர்மசாஸ்தா கோயிலில் 2020-லும் 2024-லும் சிறப்புப் பூஜை நடந்தது, முதல் தடவை வெடி போட்டுக் கொண்டாடினார்கள். 2020 ஆகஸ்டில் வேட்பாளர் ஏற்புரையில் அவர் 'சித்தி' என்ற சொல்லைச் சொன்னதும் தமிழ்நாடே தன் வீட்டுப் பெண் பேசியது போல மகிழ்ந்தது. அவர் கொள்கை என்ன, எந்த மசோதாவுக்கு ஓட்டுப் போட்டார் என்று யாரும் கேட்கவில்லை. சில நண்பர்கள் இதை அறியாமை என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒபாமா வென்றபோது கென்யா அரசு 2008 நவம்பர் 6-ஐ விடுமுறை நாளாகவே அறிவித்தது, அவர் அப்பாவின் கொகேலோ கிராமம் திருவிழா கண்டது. அயர்லாந்தில் மனிகால் என்ற சின்ன ஊர் ஒபாமாவைத் தன் பேரன் என்றது, ஸ்லோவேனியாவில் செவ்னிகா மெலனியாவைத் தன் மகள் என்கிறது. கொள்கைக்கு அங்கே வேலையே இல்லை. நம்மிடமிருந்து போனவர் அவ்வளவு பெரிய இடத்தில் உட்கார முடிகிறது என்பதைத்தான் அந்த ஊர்கள் கொண்டாடுகின்றன. அமெரிக்காவைப் பற்றிய அந்த ஒரு விஷயத்தை அவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டதாக எனக்குத் தோன்றவில்லை.

உங்கள் தாத்தாவின் வயதை நீங்கள் சொல்லவில்லை. எழுபது தாண்டியவர் என்றால் அவருக்குள் இன்னும் பழைய அமெரிக்காக்கள் இருக்கும். 1960-களில் பள்ளிக்கூடத்தில் பால் பவுடரும் கோதுமை உப்புமாவும் கொடுத்த அமெரிக்கா. பிள்ளைக்குக் கென்னடி என்று பெயர் வைக்கத் தோன்றிய அமெரிக்கா. 1971 டிசம்பரில் வங்கதேசப் போரின்போது வங்கக் கடலுக்கு எண்டர்பிரைஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை அனுப்பி நம்மை மிரட்டிய நிக்சனின் அமெரிக்கா. இவை எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். அதனால் அவர் டிரம்பைப் பற்றிப் பேசும்போது அதில் நிக்சன் மேல் உள்ள கோபமும் கொஞ்சம் கலந்திருக்கலாம்.

எனக்கு உறுதியாகச் சொல்ல முடியாத இடங்களும் இருக்கின்றன. ப்யூ ஆய்வு மையம் 2000-களின் தொடக்கத்திலிருந்து பல நாட்டு மக்களிடம், அமெரிக்க அதிபர் உலக விவகாரங்களில் சரியானதைச் செய்வார் என்று நம்புகிறீர்களா என்று கேட்டு வருகிறது. ஜெர்மனியில் புஷ் காலத்தில் விழுந்த எண் ஒபாமா வந்ததும் மேலே ஏறி, டிரம்ப் வந்ததும் மறுபடி விழுந்தது. இந்தியாவில் டிரம்புக்கு மேற்கு ஐரோப்பாவைவிட அதிக நம்பிக்கை பதிவானது. நல்ல தகவல்தான். ஆனால் அது நம்பிக்கையை அளக்கிறது, புரிதலை அல்ல. பேரனோ பேத்தியோ அங்கே இருக்கும் வீட்டில் 'நம்புகிறேன்' என்று சொல்வதற்கும் ஒரு பெர்லின்காரர் 'நம்பவில்லை' என்று சொல்வதற்கும் பொருளே வேறாக இருக்கலாம். கைபேசியும் யூடியூபும் வந்த பிறகு மக்களுக்கு அதிகம் தெரிகிறதா என்று கேட்டாலும் எனக்குத் தயக்கம்தான். நான் வேலையில் சேர்ந்த காலத்தில் வாசகர் கேள்வி கேட்டார். கடைசி ஆண்டுகளில் அவர் ஏற்கெனவே ஒரு பதிலோடு வந்து, நாங்கள் அதை ஏன் போடவில்லை என்று கேட்டார்.

இன்னொரு தயக்கம் என் சொந்த நம்பிக்கையைப் பற்றியது. அதிபர் நினைத்தால் எதையும் செய்யலாம் என்பது தப்பு, அங்கே அதிகாரம் மாநிலம், நீதிமன்றம், கவுண்டி என்று சிதறிக் கிடக்கிறது என்று 22 ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தேன். நாடாளுமன்றம் சட்டத்தின் மூலம் அங்கீகரித்த யுஎஸ்எய்டு என்ற உதவி நிறுவனம் 2025-ல் சில மாதங்களில் கலைக்கப்பட்டது, வரிகள் உத்தரவுகளாக வந்தன. என்னை விடாமல் மறுத்துப் பேசிய பழைய வாசகர் ஒருவர் போன் செய்து, 'அதிபர்னா அதிபர்தான் சார், நீங்கதான் இல்லைன்னீங்க' என்றார். அதே ஆண்டு நீதிமன்றங்கள் பல உத்தரவுகளை நிறுத்தியதையும், செலவு மசோதா நிறைவேறாமல் அரசு அலுவலகங்கள் 43 நாள் மூடிக்கிடந்ததையும் அவருக்குச் சொன்னேன். நினைத்ததைச் செய்ய முடிகிறவரின் நாட்டில் அரசாங்கம் 43 நாள் மூடிக்கிடக்காது என்பது என் வாதம். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. யார் சொன்னது சரி என்பது தெரிய இன்னும் சில ஆண்டுகள் ஆகும்.

சரி, தாத்தாவிடம் என்ன செய்வது? தேர்வாளர் குழு எப்படி இயங்குகிறது, போலீஸ் யார் கையில் இருக்கிறது, தகுதி நீக்க விசாரணை என்றால் என்ன என்பதில் அவர் தப்பாகச் சொன்னால் தாராளமாகத் திருத்துங்கள். பெரும்பாலும் அந்தத் தப்பு எங்கள் பக்கங்களிலிருந்து போனதுதான், அவருக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். டிரம்ப் நல்லவரா கெட்டவரா என்று அவரோடு வாதாடுவதில் எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. அதற்குப் பதிலாக, 'தாத்தா, அமெரிக்காவைப் பற்றி முதன்முதலில் எப்போ கேள்விப்பட்டீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். பால் பவுடரா, கென்னடியா, கப்பலா, அல்லது உங்கள் அப்பா விசா வாங்கிய நாளா என்று அவர் வாயிலிருந்தே வரும். ஆட்டோ ஓட்டுபவரிடமும் கேட்கலாம். அவருக்கு அங்கே மச்சினனோ தங்கச்சி மகனோ இருக்கக்கூடும்.